மஞ்சள் கேசட்டும் மரியோவின் முதல் பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதும் வைக்காத நேரமாகப் பார்த்துப் படியுங்கள்.

போன மாதம் பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கிச் சுத்தம் செய்தேன். பணி நிறைவு நாளில் பள்ளிக்கூட பீரோவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த சாமான்கள் அதில்தான் கிடந்தன. பாடக்குறிப்பு நோட்டுகள், ஆண்டுவிழா போட்டோக்கள், ஒரு சாக்பீஸ் டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மஞ்சள் கலர் கேசட். பாட்டுக் கேசட் இல்லை. 1990களில் டிவியோடு மாட்டி விளையாடுவார்களே, அந்த வீடியோ கேம் கேசட். மேலே ஒட்டியிருந்த படத்தில் தொப்பியும் மீசையுமாக ஓர் ஆள் குதித்துக்கொண்டிருந்தான்.

பேரன் ஓடி வந்து பார்த்தான். "ஆச்சி, இது மரியோ! உங்ககிட்ட எப்படி?"

என்னிடம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அவனிடம் உடனே சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

1996 என்று நினைவு. ஐந்தாம் வகுப்பு. கணக்கில் எப்போதும் பின்தங்கி நிற்கும் ஒரு பையன். ஒருநாள் அவன் பையிலிருந்து இந்தக் கேசட் கீழே விழுந்தது. பஜாரில் மணிக்கணக்குக் காசு வாங்கி விளையாட விடும் ஒரு கடையிலிருந்து இரவல் வாங்கி வந்திருந்தான். வகுப்பின் நடுவே நிறுத்தி வைத்துக் கேட்டேன்: "வாய்ப்பாடு வரல, இது மட்டும் வருதா? இதுல என்னத்தக் கத்துக்கிட்ட?" அவன் மெதுவாகச் சொன்னான்: "எப்பக் குதிக்கணும்னு டீச்சர்." வகுப்பு முழுக்கச் சிரித்தது. கையில் இரண்டு அடி கொடுத்து, கேசட்டைப் பூட்டி வைத்தேன். வருடக் கடைசியில் தருவதாகச் சொன்னேன். வருடக் கடைசிக்கு முன்பே அவன் குடும்பம் ஊரை விட்டுப் போய்விட்டது.

பேரன் என்னை விடவில்லை. அவன் அப்பா வாங்கித் தந்த நிண்டெண்டோ ஸ்விட்சில் அதே பழைய விளையாட்டைப் போட்டு என் கையில் கொடுத்தான். ஆரம்பித்துச் சில நொடிகளில், எதிரே நடந்து வந்த ஒரு பழுப்புக் காளான் மாதிரி உருவத்தில் மோதி நான் செத்தேன். மறுபடியும் செத்தேன். மூன்றாவது தடவை குதித்தேன். அப்போதுதான் ஆசிரியர் பயிற்சியில் படித்த ஒன்று மூளையில் தட்டியது. 'இது யாரோ யோசித்து எழுதிய பாடம்' என்று தோன்றியது. அன்றிலிருந்து இதை உருவாக்கியவர்கள் சொன்னதையெல்லாம் பேரன் வாசித்துச் சொல்ல, நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகளிலிருந்துதான் இந்தப் பதிவு.

நிண்டெண்டோ 1889இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தொடங்கிய கம்பெனி. தொடக்கத்தில் 'ஹனஃபுதா' என்ற பூப்படச் சீட்டுக்கட்டுகளைத் தயாரித்தார்கள். பிறகு பொம்மைகள், பிறகு கடைகளில் காசு போட்டு ஆடும் மின்னணு விளையாட்டு இயந்திரங்கள். 1980இல் 'ரேடார் ஸ்கோப்' என்ற இயந்திரத்தை அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 3000 அனுப்பினார்கள். 1000தான் விற்றது. மீதி 2000 இயந்திரங்கள் கிடங்கில் தூங்கின. அமெரிக்கக் கிளையே கவிழ்ந்துவிடும் நிலை. அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல், உள்ளே வேறொரு விளையாட்டை மாற்றிப் பொருத்தி விற்க முடியுமா என்று தலைவர் ஹிரோஷி யமௌச்சி யோசித்தார்.

அந்த வேலை ஷிகேரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் வந்தது. 1952இல் கியோட்டோ அருகே சோனோபே என்ற சிற்றூரில் பிறந்தவர். கனசாவாவில் தொழில்துறை வடிவமைப்புப் படித்துவிட்டு 1977இல் வேலைக்குச் சேர்ந்தவர். படம் போடுகிறவர். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதத் தெரியாது. அனுபவசாலியான குன்பே யோகோய் அவருக்கு மேற்பார்வை.

முதல் யோசனை 'பாப்பாய்' கார்ட்டூனை வைத்து விளையாட்டு செய்வது. கீரை தின்று பலம் பெறும் மாலுமி, அவனுக்கு எதிரியாக ஒரு முரடன், நடுவில் ஒரு பெண். அந்தக் கதாபாத்திரங்களைப் பயன்படுத்த அப்போது உரிமை கிடைக்கவில்லை. மியாமோட்டோ மூன்று பேரின் உறவை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார். முரடனுக்குப் பதில் பெரிய குரங்கு. மாலுமிக்குப் பதில் ஒரு சாதாரணத் தச்சன். குரங்கு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கட்டடச் சாரத்தின் உச்சியில் ஏறிக்கொள்ளும், தச்சன் ஏறிப்போய் மீட்க வேண்டும். அதுதான் 1981இல் வந்த 'டாங்கி காங்'.

மேலே ஏற ஏணி இருக்கிறது. குரங்கு மேலிருந்து பீப்பாய்களை உருட்டி விடுகிறது. பீப்பாய் உருண்டு வந்தால் மனுசன் என்ன செய்வான்? தாண்டிக் குதிப்பான். அப்படியானால் குதிப்பதற்கு ஒரு பொத்தான் வேண்டும் என்று வைத்தார்கள். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் இந்தப் பொத்தான்தான் வித்து. அந்தத் தச்சனுக்கு அமெரிக்க விளக்கத் தாளில் முதலில் இருந்த பெயரே 'ஜம்ப்மேன்', அதாவது குதிக்கிற ஆள். "எப்பக் குதிக்கணும்னு டீச்சர்" என்று அந்தப் பையன் சொன்னது, இந்த விளையாட்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லக்கூடிய மிகச் சரியான பதில். நான் அதற்கு அடி கொடுத்திருக்கிறேன்.

அந்த ஆளின் தோற்றத்துக்கும் கதை உண்டு. திரையில் அவனுக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16 புள்ளி, உயரத்தில் 16 புள்ளி. நம் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் 16 கட்டத்துக்கு 16 கட்டம் எடுத்து ஓர் ஆளை வரைந்து பாருங்கள், கஷ்டம் புரியும். வாய் வரைய இடமில்லை. பெரிய மூக்கை வைத்து அதன் கீழே மீசையை வைத்தார், முகம் வந்துவிட்டது. தலைமுடியை வரைவதும், குதிக்கும்போது அதை அசைத்துக் காட்டுவதும் பெரும்பாடு, அதனால் தொப்பி. கை ஆடுவது உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், அதனால் சட்டைக்கு ஒரு நிறம், தோள்பட்டை வைத்த வேலைக்காரர் உடைக்கு இன்னொரு நிறம். உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தெரிந்த அந்த உருவம் இப்படி இடப் பற்றாக்குறையில் பிறந்தது.

பெயர் வந்தது அமெரிக்காவில். சியாட்டில் பக்கம் நிண்டெண்டோ வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கின் உரிமையாளர் பெயர் மரியோ சிகாலே. அலுவலகத்துக்காரர்கள் அந்தப் பெயரையே தச்சனுக்குச் சூட்டிவிட்டார்கள்.

1983இல் 'மரியோ பிரதர்ஸ்' வந்தது. இடம் பூமிக்கடியில் குழாய்கள் நிறைந்த சாக்கடை. அதனால் தச்சர் பிளம்பர் ஆனார், லூயிஜி என்று ஒரு தம்பியும் வந்தான். இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. டாங்கி காங்கில் கொஞ்சம் உயரத்திலிருந்து விழுந்தாலே உயிர் போய்விடும். மரியோ பிரதர்ஸில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் எழுந்து ஓடலாம். விழுவதற்குத் தண்டனை இல்லை என்றானதும் ஆடுகிறவனுக்கு ஓடிப் பார்க்கிற தைரியம் வருகிறது.

அதே 1983 ஜூலையில் ஜப்பானில் 'ஃபாமிகாம்' வெளிவந்தது. வீட்டு டிவியில் மாட்டி ஆடும் பெட்டி. பஜாரில் உங்களில் பலர் ஊதி ஊதிக் கேசட் சொருகி ஆடிய பெட்டிகள் இதைப் பார்த்து அடித்த நகல்கள்தான்.

இனி 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. வெளிவந்த நாள் 1985 செப்டம்பர் 13. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தார்கள். தோஷிஹிகோ நகாகோவின் குழு புரோகிராம் எழுதியது. அடுத்து வட்டு முறை வரப்போகிறது என்பதால், கேசட்டில் செய்யக்கூடியதையெல்லாம் இதில் செய்து காட்டிவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அவர்கள் கதையை எழுதிவிட்டுத் தொடங்கவில்லை. அதுவரை ஆடிய உருவத்தைவிட இரண்டு மடங்கு உயரமான ஒரு ஆளைத் திரையில் ஓட விட்டால் எப்படி இருக்கும் என்று சோதித்துப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. அப்புறம்தான், தொடக்கத்தில் சின்னவனாக இருந்து நடுவில் பெரியவனாக வளர்ந்தால் அந்த சந்தோஷம் இன்னும் கூடுமே என்று தோன்றியிருக்கிறது. வளர எதைத் தின்னலாம்? காட்டில் வழி தவறிப் போகிறவன் மந்திரக் காளானைத் தின்பதாகக் கதைகளில் வருமே, அதை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் பின்னணி கறுப்பாக இருந்த காலத்தில், நீல வானத்துக்குக் கீழே ஆளை ஓடவிட்டார்கள்.

ஆரம்பத் திட்டத்தில் இருந்து பிறகு நீக்கப்பட்டவை எனக்கு இன்னும் சுவாரசியமாக இருந்தன. முதலில் எழுதிய திட்டத்தில் குதிப்பதற்கு மேல்திசைப் பொத்தான். இன்னொரு பொத்தான் தாக்குவதற்கு. மரியோ கையில் துப்பாக்கி இருந்தது. மேகத்தில் ஏறிக்கொண்டு சுட்டுக்கொண்டே போகும் கட்டமும் யோசனையில் இருந்தது. நல்லவேளையாகத் துப்பாக்கி போய்விட்டது. குதிப்பது தனிப் பொத்தானுக்கு வந்தது. மேகத்தில் போகும் யோசனை மட்டும், வானத்தில் காசு பொறுக்கும் பரிசுக் கட்டமாக மிஞ்சியது. எழுதியதை அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் கட்டுரை வரும் என்று உங்களுக்கு நான் சொன்னதுண்டு. இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது.

வேலை நடந்த விதமும் நம் பள்ளிக்கூட விதம்தான். ஒவ்வொரு கட்டத்தையும் மியாமோட்டோவும் தெசுகாவும் கட்டம் போட்ட நீளத் தாளில் பென்சிலால் வரைந்தார்கள். திருத்தம் வந்தால் மேலே டிரேசிங் பேப்பர் வைத்து அதில் வரைந்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் அதைப் பார்த்து எண்களாக மாற்றிக் கணினியில் ஏற்றினார்கள்.

கேசட்டில் இருந்த மொத்த இடம் 40 கிலோபைட். காலையில் நீங்கள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு 'குட் மார்னிங்' ரோஜாப்பூப் படம் இதைவிடப் பெரியது! அதற்குள் 32 கட்டங்கள், இசை, எதிரிகள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால் வானத்து மேகத்துக்கும் தரையில் இருக்கும் புதருக்கும் ஒரே படம்தான். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். உங்களில் எத்தனை பேர் அந்த வயதில் இதைக் கவனித்தீர்கள்?

என்னைக் கொன்ற அந்தப் பழுப்பு உருவத்தின் பெயர் 'கூம்பா'. அது கடைசி நேரத்தில் சேர்ந்ததாம். முதலில் ஆமை மட்டும்தான் இருந்தது. ஆமையை மிதித்தால் ஓட்டுக்குள் போகும், பிறகு அந்த ஓட்டை உதைக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவனுக்கு அது இரண்டு படிக் கணக்கு. ஒரே மிதியில் முடிகிற எளிய எதிரி ஒன்று முதலில் வேண்டும் என்று பட்டது. ஆனால் கேசட்டில் இடம் தீர்ந்துபோயிருந்தது. ஒரே படத்தை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள், அது நடப்பதுபோல் இருந்தது.

இனி முதல் கட்டத்துக்கு வருகிறேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு மனப்பாடம் செய்யவைத்த விதிகள்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, எளிமையிலிருந்து கடினத்துக்குப் போ, செய்து கற்கவிடு. முப்பது வருடத்துக்கு மேல் பாடக்குறிப்பில் அதை எழுதியிருக்கிறேன். இந்த விளையாட்டின் முதல் கட்டத்தில் அது எப்படி இருக்கிறது பாருங்கள்.

மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் காலியாக இருக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரிந்துவிடுகிறது. கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி மின்னுகிறது. எதிரே கூம்பா வருகிறது. மோதினால் சாவாய், ஆனால் இழப்பு சில நொடிதான். உடனே மறுபடியும் தொடங்கலாம். குதித்தால் அதைத் தாண்டலாம், அல்லது அதன்மேல் விழுந்து நசுக்கலாம், அல்லது தலை பெட்டியில் இடித்துக் காசு வரலாம். மூன்றில் எது நடந்தாலும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறாய்.

அடுத்த பெட்டியை இடித்தால் காளான் வெளியே வருகிறது. கூம்பாவும் காளான் மாதிரி இருப்பதால் புதியவனுக்குப் பயம். ஆனால் இந்தக் காளான் எதிரே வராமல் விலகி ஓடுகிறது, போய்க் குழாயில் முட்டித் திரும்பி நம்மிடமே வருகிறது. தாண்டிக் குதிக்கலாம் என்றால் தலைக்கு மேல் செங்கல் வரிசை தடுக்கிறது. வேறு வழியில்லாமல் பட்டுவிடுகிறது. பட்டதும் மரியோ பெரியவனாகிறான். 'காளான் நல்லது' என்று ஓர் எழுத்து எழுதாமல் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அந்த இடத்தில் குழாயும் செங்கலும் அதற்காகவே வைக்கப்பட்டவை.

பிறகு ஒன்றைவிட ஒன்று உயரமான குழாய்கள். பொத்தானை நன்றாக அழுத்திப் பிடித்தால் உயரமாகக் குதிக்கலாம் என்பது அங்கே கைக்குப் பழகுகிறது. கடைசிப் பக்கம் எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள், நடுவில் ஒரு இடைவெளி. தவறி விழுந்தாலும் கீழே தரை இருக்கிறது, ஏறி வந்துவிடலாம். கொஞ்ச தூரத்தில் அதேபோல இன்னொரு ஜோடி. அங்கே கீழே தரை இல்லை, பள்ளம். முதலில் விழுந்தாலும் அடிபடாத இடத்தில் பயிற்சி, அப்புறம்தான் தேர்வு.

இன்னொன்றையும் மியாமோட்டோ சொல்லியிருக்கிறார். முதல் கட்டத்தை முதலில் செய்யவில்லையாம். மற்ற கட்டங்கள் பலவற்றைச் செய்து, இந்த விளையாட்டில் எது இனிக்கிறது, எது கடிக்கிறது என்று தெரிந்த பிறகே முதல் கட்டத்துக்கு வந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எழுத அனுபவசாலி வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் சொல்வார். அதுவேதான்.

இசை கோஜி கோண்டோவுடையது. மரியோவின் ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் தாளம் பொருந்தவில்லை என்று முதலில் போட்ட மெட்டை மாற்றினார். தண்ணீருக்குள் நீந்தும் கட்டத்துக்கு மூன்று எண்ணிக்கை வரும் வால்ட்ஸ் நடை. பேரனின் விளையாட்டுச் சத்தத்தைச் சமையலறையில் இருந்தபடியே கேட்டு, அவன் தண்ணீரிலா பூமிக்கடியிலா என்று இப்போது எனக்கே தெரிகிறது.

இவ்வளவு யோசனையும் எங்கிருந்து வந்தது? பாதி இல்லாமையிலிருந்து. மீதி ஒரு சிறுவனின் ஞாபகத்திலிருந்து. சோனோபேயில் சின்ன வயதில் மலைப்பக்கம் சுற்றித் திரிந்த மியாமோட்டோ ஒரு குகை வாயைக் கண்டுபிடித்து, பிறகு லாந்தர் எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். குழாய்க்குள் இறங்கினால் இன்னோர் உலகம் வருவதை ஆடும்போது அந்தக் குகைதான் எனக்கு ஞாபகம் வருகிறது. சங்கிலியில் கட்டிய ஒரு நாய் அவர்மேல் பாய்ந்து, சங்கிலி இழுத்ததால் நின்றிருக்கிறது. 1988இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3'இல் சங்கிலியில் கட்டிய இரும்பு உருண்டை ஒன்று பல்லைக் காட்டிப் பாய்கிறதே, அது அந்த நாய்தான். அந்த மூன்றாம் பாகத்தை முதலில் மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல் செய்ய முயன்றார்கள். எங்கே போய் விழுவோம் என்று ஆடுகிறவனுக்குத் தெரியவில்லை என்பதால் அதைக் கைவிட்டார்கள்.

மரியோவை ஒரு மிருகத்தின் மேல் சவாரி செய்ய வைக்க வேண்டும் என்பது பழைய ஆசை. அப்போதைய இயந்திரத்தில் முடியவில்லை. 1990 நவம்பரில் புதிய இயந்திரத்தில் 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' வந்தபோது 'யோஷி' என்ற பச்சை டைனோசராக அது நிறைவேறியது. முடியாதது என்று அவர்கள் தூக்கி எறியவில்லை, இப்போதைக்கு முடியாதது என்று வைத்திருந்தார்கள்.

அவர்களும் சறுக்கியதுண்டு. 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம், முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்காகச் செய்தது. தின்றால் கெடுதல் செய்யும் விஷக்காளான்கூட அதில் உண்டு. மிகவும் கடினம் என்று அமெரிக்கக் கிளை அதை அப்போது வெளியிடவில்லை. முதல் பாகமோ உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் விற்றது. முதல் பெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் வினாத்தாள் தயாரித்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஓர் உதாரணம். அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன்.

கடைசி பெஞ்சுப் பையனை என் வகுப்பில் முதல் தவற்றுக்கே நிறுத்தி வைத்தேன். அவன் விழுந்தால் கீழே தரை இல்லை, சிரிக்கிற நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவன் போன கடையில், விழுந்தால் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் தொடங்கவிட்ட ஒரு டிவிப் பெட்டி இருந்தது. பிள்ளை எங்கே போவான்?

எல்லா விளையாட்டும் நல்லது, ராத்திரி பகலாக ஆடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பேரனுக்கு ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான். உங்களில் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இன்று ஆசிரியர்கள். அவர்களுக்குச் சொல்கிறேன்: நாளைக்குப் புதுப் பாடம் தொடங்கும்போது, விழுந்தாலும் அடிபடாத அந்த முதல் பள்ளத்தை வைக்க மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பையன் பெயரை இங்கே எழுதவில்லை. இந்நேரம் நாற்பதை நெருங்கியிருப்பான். அவனோடு படித்த யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால் இந்தப் பதிவைக் காட்டுங்கள். கேசட்டைத் துடைத்து, பீரோவில் புடவைக்கு நடுவில் வைத்திருக்கிறேன். கடைக்காரரிடம் அதற்காக அவன் என்ன பாடுபட்டானோ தெரியாது. வந்து வாங்கிக்கொள்ளட்டும். வரும்போது, மூன்றாம் கட்டத்தில் ஓடிக்கொண்டே எப்படித் தாண்டுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். அந்த இடத்தில் நான் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அஞ்சாம் வகுப்பு டீச்சர்